தாத்தாவின் கைலி தாளாவது எப்படி?

“கிழிஞ்ச கைலிய எங்கடா எடுத்துனு போற? வண்டி தொடைக்கவா?” என்றாள் ஆயா.

“இல்ல ஆயா, பேப்பர் செய்யப்போறேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பேப்பரா? கடையில கெடைக்கலயா?” என்று கேட்டுவிட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து தாத்தாவின் கைலி ஒன்றை உருவிக் கொடுத்தாள். நீலமும் வெள்ளையும் கட்டம் போட்டது. ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு. ஏரித் தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்து நீலம் பாதி சாம்பலாகியிருந்தது.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், ஏரியும் கடலும் சேரும் இடத்தில் இருக்கிறது பழவேற்காடு. அங்கே ஒரு குப்பத்து வீட்டில்தான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது. வேலை இவ்வளவுதான்: பழைய துணியை அரைத்துத் தாளாக்க வேண்டும், அந்தத் தாளுக்குள்ளேயே வீட்டுக்கு அடையாளமான ஒரு சின்னத்தைப் பதிக்க வேண்டும். கையால் செய்யும் காகிதக் கலையில் ஒரு பெரிய கிளையே இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. கேட்டால் வித்தைபோலத் தோன்றும். உள்ளே நுழைந்து பார்த்தால் எல்லாம் அடுப்படி வேலை. பொறுக்குவது, வேகவைப்பது, அரைப்பது, வடிப்பது, கவிழ்ப்பது, காயவைப்பது. அரைத்த துணிக்குத் தமிழில் பெயரே ‘கூழ்’தான். உவமையைப் பாதிக்குமேல் மொழியே சொல்லி வைத்துவிட்டது.

முதலில் பொறுக்குவோம். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, துணியில் பாலியஸ்டரைப் பொறுக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலை விடும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, நுனியில் மிளகு மாதிரி கெட்டியான ஒரு மணியாக நிற்கும். அப்படி மணி கட்டினால் அந்தத் துணி கூழுக்கு ஆகாது.

ஏன் ஆகாது? பருத்தி நாரில் பத்தில் ஒன்பது பங்கு செல்லுலோஸ். செல்லுலோஸுக்குத் தண்ணீரை ரொம்பப் பிடிக்கும். ஊறும், உப்பும், நசுக்கினால் பிரியும், பக்கத்து நாரோடு ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டரும் நைலானும் தண்ணீரில் எத்தனை நாள் கிடந்தாலும் கூழாங்கல் மாதிரி அப்படியே கிடக்கும். ஊறாத உளுந்தை யார் அரைப்பது?

இங்கே மீனவர் வீட்டுப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. கி.பி. 105இல் சீன அரண்மனை அதிகாரி சாய் லுன், காகிதம் செய்யும் முறையைப் பேரரசரிடம் சமர்ப்பித்தார் என்று சீன வரலாறு சொல்கிறது. அவர் பயன்படுத்திய சரக்குகள் மரப்பட்டை, சணல் கழிவு, கந்தல் துணி, பழைய மீன்வலை. ஆம், மீன்வலை. அன்றைய வலை தாவர நாரில் பின்னியது, அதனால் கூழாயிற்று. நம் ஊரிலும் பருத்தி நூல் வலைதான் ஒருகாலத்தில் இருந்தது. கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் நைலான் வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. ஆயா வீட்டுத் திண்ணையில் குவிந்து கிடந்த பச்சை வலையைக் கூழாக்க முடியாது. ஆனால் அதைச் சும்மா விடவும் போவதில்லை, பிறகு சொல்கிறேன்.

கைலிக்கு வருவோம். மலேசியாவில் கட்டம் போட்ட கைலியை இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்கிறார்கள். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது ‘புலிக்காட்’, வெள்ளைக்காரர் வாயில் பழவேற்காட்டுக்குக் கிடைத்த பெயர். இந்தக் கரையிலிருந்து கட்டம் போட்ட துணி கப்பலேறிப் போன காலத்தின் மிச்சம் அந்தச் சொல். தாத்தாவின் கைலியை எந்த ஊரில் நெய்தார்களோ, எனக்குத் தெரியாது. பெயரென்னவோ இந்த ஊருடையது.

அடுத்து, பொத்தான், தையல், மடிப்பு எல்லாம் நீக்கிவிட்டு, துணியைக் கட்டை விரல் நகம் அளவுக்கு நறுக்க வேண்டும். பிறகு ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சலவைச் சோடா போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் வேகவிட வேண்டும். (சமைக்கிற பாத்திரத்தை எடுத்துவிடாதீர்கள், வீட்டில் சண்டை வரும்.) கொண்டைக்கடலைக்கு ஆப்பசோடா போட்டால் தோல் இளகுகிறதல்லவா, அதே தத்துவம். எண்ணெய்ப் பிசுக்கு, கஞ்சிப் பசை, வருடக்கணக்கான வியர்வை எல்லாம் கழன்று, நார் மெத்தென்று ஆகும். கைலி வெந்த தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசினேன்.

இனி அரைப்பது. மொத்த வேலைக்கும் உயிர் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போம்.

நான் செய்த முட்டாள்தனம், மிக்ஸியில் போட்டது. கால் டம்ளர் துணிக்கு ஒரு ஜாடித் தண்ணீர் விட்டும், நூல்கள் பிளேடின் கழுத்தில் சுற்றிக்கொண்டு மோட்டார் முனக ஆரம்பித்தது. கருகல் வாசனை வந்ததும் நிறுத்திவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. மிக்ஸி வெட்டும், கிரைண்டர் தேய்க்கும். மிக்ஸியில் அரைத்த மாவில் இட்லி ஏன் கிரைண்டர் இட்லி மாதிரி வருவதில்லை என்று ஆயாவைக் கேட்டால் தெளிவாகச் சொல்வாள். காகிதத்துக்கும் அதே பதில்தான். நாரை வெட்டினால் அது குட்டையாகும், அவ்வளவுதான். தேய்த்து நசுக்கினால் நாரின் மேல்தோல் பிய்ந்து, பிரிந்த கயிற்றின் நுனி மாதிரி நாலாபக்கமும் மெல்லிய இழைகள் நீட்டிக்கொள்ளும். அந்த இழைகள்தான் பிறகு ஒன்றையொன்று பிடிக்கப் போகிற கைகள். கை இல்லாத நாரில் காகிதம் வரலாம். தொட்டால் அது உதிர்ந்துவிடும்.

இந்தத் தேய்ப்பை முன்பு உரல் உலக்கை மாதிரியான இயந்திரங்களில் செய்தார்கள். ஐரோப்பாவில் நீர்ச்சக்கரம் சுழல, பெரிய மரச் சுத்தியல்கள் கந்தலை இடித்துக்கொண்டே இருக்கும். 1680 வாக்கில் டச்சுக்காரர்கள் அதைக் கிரைண்டராக மாற்றினார்கள். அதனால் அந்த இயந்திரத்துக்கு இன்றும் ‘ஹாலண்டர்’ என்றே பெயர். பழவேற்காட்டுக்காரர்களுக்கு அந்த மனிதர்களைத் தெரியும். 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை வியாபாரத்துக்குத் தலைமையிடமாக வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். துணி வாங்க இங்கே வந்தவர்கள், கந்தலை அரைக்க அங்கே இயந்திரம் செய்தார்கள்.

மிக்ஸியில் தோற்ற கைலியை ஒரு கைக்காகிதப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஹாலண்டர் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. முட்டை வடிவத்தில் ஒரு தொட்டி, நடுவே பாதி தூரத்துக்கு ஒரு சுவர். சுவரின் ஒரு பக்கம் பற்கள் வைத்த கனத்த உருளை, அதன் அடியில் பற்கள் வைத்த தட்டு. உருளை சுற்றச் சுற்றத் தண்ணீரும் துணியும் கோயில் பிரகாரம்போலச் சுவரை வலம் வந்து, ஒவ்வொரு சுற்றிலும் உருளைக்கும் தட்டுக்கும் நடுவே நசுங்கிப் போகின்றன. முதலில் உருளையை உயரத்தில் நிறுத்தி ஓட்டுவார்கள், அப்போது துணி பிரிந்து நூலாகும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள், நூல் நாராகும். இறக்குவதில் அவசரம் கூடாது.

பல மணி நேரம் ஓடியது. பதம் பார்க்க ஒரு வழி உண்டு. உளுந்து மாவை உருட்டித் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்போமே, அது மாதிரி ஒரு சிட்டிகைக் கூழைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் இன்னும் ஓட வேண்டும். மேகம் மாதிரி சீராகப் பரவினால் பதம் வந்துவிட்டது. என் பாட்டிலில் இளம் சாம்பல் நீலத்தில் மேகம். அதற்குள் அங்கங்கே அரைபடாத சிவப்பு இழைகள். “வடிகட்டிடலாமா சார்?” என்று கேட்டார் பட்டறைக்காரர். வேண்டாம் என்றேன்.

இப்போது கூழை ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் கரைக்க வேண்டும். நூறு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு நார்கூட இராது. கேழ்வரகுக் கூழ் அல்ல, நீர்மோர். இதில் சல்லடைச் சட்டத்தை இறக்க வேண்டும். சட்டம் இரண்டு அடுக்கு. கீழே கம்பிவலை அடித்த சட்டம், மேலே தாளின் ஓரத்தைக் கட்டுப்படுத்தும் வெறும் சட்டம். இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் சாய்வாக உள்ளே விட்டு, தண்ணீருக்குள் சமமாக்கி, நேராக மேலே தூக்க வேண்டும். தூக்கியவுடன் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓர் உலுக்கல். நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் படிவது அந்த உலுக்கலில்தான்.

பழவேற்காடு ஏரியில் மார்பளவு தண்ணீரில், பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டம் புரியும். பறியில் தண்ணீர் வழிந்துவிடும், இறால் தங்கிவிடும். சல்லடையிலும் அப்படியே. நார் மட்டும் தங்கும், ஈரமான மெல்லிய தயிராடை மாதிரி.

சரி, சின்னம் எங்கே? சட்டத்தைக் கூழில் முக்குவதற்கு முன்பே அதன் வேலை தொடங்கிவிடுகிறது. உங்கள் பையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெள்ளையாக விட்ட இடத்தில் காந்தி முகமும் பக்கத்தில் ‘500’ என்ற எண்ணும் தெரியும். அங்கே மை கிடையாது. நம் ரூபாய் நோட்டும் பருத்தித் தாள்தான். கூழ் எங்கே கனமாகப் படிந்தது, எங்கே மெலிதாகப் படிந்தது என்கிற வித்தியாசம் மட்டும்தான் அந்தப் படம். தோசைக்கல்லில் ஒரு மேடு இருந்தால் அந்த இடத்தில் தோசை மெலிந்து ஓட்டைபோடப் பார்க்கும் அல்லவா? அந்த மேட்டை வேண்டுமென்றே வைத்தால் நீர்க்குறி. சல்லடையின் மேல் மெல்லிய கம்பியை வளைத்து உருவம் செய்து தைத்துவிட வேண்டும். கம்பிக்கு மேலே கூழ் குறைவாகத் தங்கும். காய்ந்த பிறகு அந்தக் கோடு வழியாக மட்டும் வெளிச்சம் கூடுதலாக வரும். நமக்குத் தெரிந்த மிகப் பழைய நீர்க்குறிகளில் ஒன்று இத்தாலியில் 1282ஆம் ஆண்டுத் தாள் ஒன்றில் இருக்கிறது. அது ஒரு சிலுவை வடிவம்.

கம்பியில் எதை வளைப்பது என்று யோசித்தபடி பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வந்தேன். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். வாயிலில் எலும்புக்கூடு சிற்பங்கள் நம்மை வரவேற்கின்றன, வேறென்ன சொல்ல. உள்ளே கல்லறைப் பலகைகளில் குடும்பச் சின்னங்களை நுணுக்கமாக வெட்டியிருக்கிறார்கள். கடல் கடந்து வந்து செத்தாலும் இன்னார் வீட்டு ஆள் என்று கல்லில் சொல்லிவிட்டார்கள். நம் வீட்டுக்கு அப்படி ஏது சின்னம்? தாத்தாவின் குடும்ப அடையாளம் கல்லில் இருந்ததில்லை. அது பாட்டில் இருந்தது. பாடும் பாட்டைச் சொல்லவில்லை, பாடு. ஏரியில் எந்த நாளில் எந்தத் துறையில் யார் வலை கட்டுவது என்பதைத் தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1991இல் இதைப் பற்றி ஓர் ஆய்வே வெளியிட்டிருக்கிறது. ஆனால் முறையைக் கம்பியில் வளைக்க முடியாதே. கடைசியில் தாத்தாவின் வலை பின்னும் ஊசியை வளைத்தேன். ஒரு முனை கூர்மை, மறு முனை கவட்டை, நடுவே நூல் சுற்றும் நாக்கு. அதன் பக்கத்தில் அவர் பெயரின் முதல் எழுத்து, ‘மு’.

இனி கவிழ்ப்பது. இட்லித் துணியோடு தட்டைக் கவிழ்த்து, தண்ணீர் தெளித்து, துணியை உரிக்கிறோம் அல்லவா? இங்கே தலைகீழ். நனைந்த கம்பளித் துணியின் மேல் சல்லடையை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு உருட்டிக் கவிழ்த்து எடுத்தால், ஈரத்தாள் துணியோடு ஒட்டிக்கொண்டு சல்லடையை விட்டுவிடும். கை நடுங்கினால் போயிற்று. என் முதல் மூன்று தாளும் கூழாகவே தொட்டிக்குத் திரும்பின. இந்தத் தொழிலில் ஒரு நிம்மதி, எந்தத் தோல்வியையும் மறுபடி கரைத்துவிடலாம்.

இந்த ஈர நிலையில்தான் போளி செய்யும் சமாச்சாரம். ஒரு ஈரத்தாள், அதன் மேல் பூரணம், மேலே இன்னொரு ஈரத்தாள். திண்ணையில் விட்டுவைத்த நைலான் வலை இங்கேதான் பூரணம். நைலானோடு நார் ஒட்டாதே, அப்புறம் எப்படி நிற்கும்? வலைக்குக் கண் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணின் வழியாகவும் மேல் தாளின் நாரும் கீழ்த் தாளின் நாரும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. வலையைக் காகிதம் பிடிக்கவில்லை, வலையின் ஓட்டைக்குள் காகிதம் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது. காயும்போது இன்னொரு வேடிக்கை. காகிதம் சுருங்கும், நைலான் சுருங்காது. அதனால் ஒவ்வொரு முடிச்சைச் சுற்றியும் தாள் நெளிந்து சின்னச் சின்ன அலைகள் எழும்பிவிட்டன. நான் அதைத் திட்டமிடவில்லை. ஆனால் அந்தத் தாள்தான் எல்லாவற்றிலும் அழகாக வந்தது.

துணியைக் கூழாக்கி நினைவைத் தாளாக்குவது நான் கண்டுபிடித்ததல்ல. 2007இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ‘காம்பாட் பேப்பர்’ என்ற திட்டத்தில், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் தங்கள் சீருடையையே வெட்டி அரைத்துத் தாளாக்கி அதில் அச்சிட்டார்கள். நம் நாட்டில் 1970களில் சோம்நாத் ஹோர் வெள்ளைக் கூழில் கீறலும் பிளவுமாகக் ‘காயங்கள்’ என்ற வரிசையைச் செய்தார். வண்ணம் இல்லை, காயம் மட்டும் உண்டு. அலிகரில் பிறந்த ஜரீனா, அக்கா ராணி உருதுவில் எழுதிய கடிதங்களின் மேல் வீடுகளின் தரைப்படக் கோடுகளை ஏற்றி, 2004இல் கைக்காகிதத்தில் அச்சிட்டார். அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஜரீனாவின் வேலைதான். பிரிவினையில் சிதறிய ஒரு குடும்பம் நாலு கோட்டில் அடங்கிவிடுகிறது.

ஈரத்தாள்களை அடுக்கி அழுத்த வேண்டும், பனீர் பிழிகிற மாதிரி. தண்ணீர் வெளியேற வெளியேற நார்கள் நெருங்கும். கடைசித் துளி போகும்போது செல்லுலோஸும் செல்லுலோஸும் நேராக ஒட்டிக்கொள்ளும், பசை எதுவும் வேண்டாம். இதை நம்பாதவர்கள் கொடியில் வெயிலில் காய்ந்த பருத்தித் துண்டைத் தொட்டுப் பாருங்கள். விறைத்துப் போயிருக்கும். அதே ஒட்டல்தான், அங்கே கொஞ்சம், இங்கே முழுசாக.

பிறகு காயவைப்பது. இதில் பழவேற்காட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கருவாடு மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்தால் என்னாகும் என்று தெரியும். தாளும் அப்படித்தான், சுள்ளென்ற வெயிலில் போட்டால் ஓரம் முதலில் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். நிழலில், காற்றில், பொறுமையாக. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

எழுதப் போகிறீர்கள் என்றால் இன்னும் ஒரு வேலை, வேட்டிக்குக் கஞ்சி போடுகிற மாதிரி ஜவ்வரிசிக் கஞ்சியில் ஒரு முக்கு. இல்லாவிட்டால் மை பரவிவிடும். வெளிச்சத்தில் மட்டும் பார்க்கப்போகிறோம் என்றால் இது தேவையில்லை. எனக்குத் தேவைப்படவில்லை.

ஒரு கணக்கு. ஏ4 அளவில் கொஞ்சம் தடிப்பான ஒரு தாள் ஏழெட்டு கிராம் இருக்கும். கைலி கால் கிலோ. சிந்தியது சிதறியது போக, இருபத்தைந்து தாள் தேறியது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தில் கைக்காகிதத்தை ஏன் அவ்வளவு பிடிவாதமாக வளர்த்தார் என்பது இந்தக் கணக்கைப் போட்டால் புரியும். தூக்கிப் போடுகிற துணி, ஊர்த் தண்ணீர், ஊர் ஆள். ஜெய்ப்பூர் சாங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் என்றால் புதுச்சேரியில் 1959இல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதத் தொழிற்சாலை.

இருபத்தைந்தில் ஒன்றை ஆயாவிடம் கொடுத்தேன். மடியில் வைத்துத் தடவினாள். சொரசொரப்பாக இருக்கிறது என்றாள். “லைட்டுல காட்டிப் பாரு ஆயா” என்றேன். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஊசியை உடனே கண்டுபிடித்துவிட்டாள். “நாக்கு கூட கீது” என்று சிரித்தாள். ஓரத்தில் ஒரு சிவப்பு இழை ஓடுவதை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

“இன்னாடா, எழுத்து தப்பா கீது?”

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. கவிழ்க்கும்போது சல்லடையில் இருந்த பக்கம் மேலே வந்துவிடும் என்பதை யோசிக்காமல் ‘மு’வை நேராகவே தைத்திருந்தேன். கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிக் கிடந்தது. ஆயா ஒன்றும் சொல்லவில்லை. தாளைப் பின்பக்கம் திருப்பி மறுபடியும் விளக்குக்கு நேரே பிடித்தாள்.

“ம். இப்ப சரியா கீது.”